ஊமையண்ணனின் முந்நூறு பாட்டு

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவரை எல்லோரும் ஊமையண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்குப் பேச்சு வராமல் இல்லை. மறுபேச்சுதான் வராது. "என்னண்ணே, இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். "கண்ணு தெரியுதா இல்லையா?" என்றால் மறுபக்கம் சாய்ப்பார். பதினோரு வருடமாக அந்தக் கழுத்து இரண்டு பக்கமும் சாய்ந்ததே ஒழிய வாய் திறந்ததில்லை. அப்படித்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

சலவைப் பிரிவை ஒரு சுவர் இரண்டாகப் பிரித்தது. அந்தச் சுவருக்குள் பதித்தாற்போல் ஒரு பெரிய சலவை இயந்திரம், அதற்கு இரண்டு கதவுகள். இந்தப் பக்கக் கதவில் அழுக்குத் துணி உள்ளே போகும். துவைத்து முடிந்ததும் அந்தப் பக்கக் கதவில் வெளியே வரும். கிருமிக்குப் பயந்து செய்த ஏற்பாடு. அழுக்குத் துணியும் சுத்தத் துணியும் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்கக் கூடாது. சுத்தப் பக்கத்தில் உலர்த்த, இஸ்திரி உருளையில் விட, மடிக்க என்று பன்னிரண்டு பேர். அழுக்குப் பக்கத்தில் ஊமையண்ணன் மட்டும். வார்டுகளிலிருந்து வரும் மூட்டைகளைப் பிரித்து, ரத்தம் பட்டதைத் தனியே எடுத்து, நிறுத்துப் பார்த்து இயந்திரத்தின் வாயில் திணிக்க வேண்டும்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வர வேண்டுமென்றால் கையுறை, மேலங்கி, முகமூடி, காலுறை எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். திரும்பிப் போக மறுபடி எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். ஒரு வாய் டீக்கு இவ்வளவு பாடா என்று ஊமையண்ணன் வெளியே வருவதையே விட்டுவிட்டார். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் ஒரு மணிக்குத்தான் வெளிக்காற்று. சுவரில், அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி, ஒரு முகம் அளவுக்குக் கண்ணாடி, அதன் கீழே பேசுவதற்குத் துளைகள் போட்ட ஒரு தகடு. அவருக்கும் உலகத்துக்கும் அவ்வளவுதான் போக்குவரத்து.

தகடு வழியாகப் பெரும்பாலும் மச்சானின் குரல்தான் வரும்.

மச்சான் என்பது ஊமையண்ணனின் மனைவிக்கு அண்ணன். சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர். ஊமையண்ணன் ஒரு காலத்தில் நீதிமன்ற வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பக்கத்தில் நாலு கடை முளைத்ததும் அது படுத்துவிட்டது. அப்போது, "என் தங்கச்சி தெருவுல நிக்கக் கூடாது" என்று சொல்லி மச்சான் தன் வீட்டின் பின் அறையை ஒழித்துக் கொடுத்தார். மேட்ரனிடம் பேசி இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஊமையண்ணன் வீட்டோடு மாப்பிள்ளை. பின் அறையின் கதவு மச்சானின் கூடத்தில்தான் திறக்கும். தண்ணீர் குடிக்கப் போனாலும், குளிக்கப் போனாலும், மச்சானின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

மச்சான் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நாளும் 'நீ' என்று பேசியதில்லை. மரியாதையாகத்தான் மிதிப்பார்.

"மாப்பிள்ளை, உங்களுக்குக் கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு? ஏன் வளைஞ்ச கரண்டி மாதிரி நிக்கறீங்க?"

"மாப்பிள்ளை, ஆமை ஒண்ணு உங்களைத் தாண்டிப் போச்சு, பாத்தீங்களா?"

"மாப்பிள்ளை, கடையைத்தான் மூடிட்டீங்க. இயந்திரத்தோட கதவையாவது ஒழுங்கா மூடுங்க."

சுத்தப் பக்கத்துப் பன்னிரண்டு பேரும் சிரிப்பார்கள். ஊமையண்ணன் கழுத்தைச் சாய்ப்பார். காலையில் கேட்ட சொல் மத்தியானம் வரை நெஞ்சில் மீன் முள்ளாக நிற்கும். மாலையில் வீட்டுக்குப் போனால் அதே குரல் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். ஓடிப் போய் உட்கார ஓர் இடம் கிடையாது. முதல் வருடம் முழுக்க அவருக்கு வயிற்று வலி. டாக்டர்கள் நிறைந்த கட்டிடத்தில் வேலை செய்துகொண்டு யாரிடமும் காட்டவில்லை.

பாட்டு வந்தது இயந்திரத்தால்.

அது பழைய இயந்திரம். ஊறவைத்து, துவைத்து, அலசி முடித்தபின் பிழிவதற்காக எட்டு நிமிடம் சுழலும். அந்த எட்டு நிமிடமும் தகரக் கொட்டகைக்குள் ரயில் புகுந்த மாதிரி இருக்கும். தரை அதிரும். காதுக்கவசம் போடாமல் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று சுவரிலேயே எழுதியிருந்தது. சுத்தப் பக்கத்தில் அந்த நேரம் எல்லோரும் சைகையில்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு நாள் அந்த ரயிலுக்கு நடுவில் ஊமையண்ணன் வாயைத் திறந்து பார்த்தார். தன் குரல் தன் மண்டைக்குள் மட்டும் கேட்டது. இன்னும் கொஞ்சம் கத்திப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

முதலில் சினிமாப் பாட்டுதான் பாடினார். அது சரிப்படவில்லை. பாதிப் பாட்டில் யாரோ யாரையோ காதலித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய முள்ளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் ஒரு நாள், கரண்டி என்று மச்சான் சொன்ன அதே நாள், அந்தச் சொல்லையே எடுத்து இயந்திரத்தின் தாளத்தில் போட்டார்.

*வளைஞ்ச கரண்டி வளைஞ்ச கரண்டி*
*வளைவுதாண்டா கரண்டிக்கு*
*நிமிர்ந்து நின்ன கம்பி வெச்சுத்*
*தண்ணி மொள்ள முடியுமா?*

எட்டு நிமிடமும் அதையே திருப்பித் திருப்பிப் பாடினார். இயந்திரம் நின்றபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, முள்ளைக் காணோம். மாலையில் கூடத்தைக் கடக்கும்போது மச்சான் மறுபடி கரண்டி என்றார். யாரோ பழைய பாத்திரத்தின் பெயரைச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

அதன்பின் அதுவே முறையாகிவிட்டது. காலையில் வசவு வரும். முதல் சுழற்சியில் மெட்டுக் கட்டுவார், இரண்டாவதில் வரி சேர்ப்பார், மூன்றாவதில் முழுதாகப் பாடுவார். மச்சானைப் பற்றி மட்டும் இல்லை. வண்டி தள்ளுபவர் "செவிட்டுப் பிணம்" என்றால் அதற்கு ஒரு பாட்டு. இஸ்திரி உருளையில் நிற்கும் அக்கா ஈரப்பதம் சரியில்லை என்று முணுமுணுத்தால் அதற்கு ஒரு பாட்டு. ஒன்றையும் எழுதி வைத்ததில்லை. குரல் என்று பார்த்தால் கழுத்தில் கயிறு மாட்டிய சேவல்தான். ஆனால் கேட்க யாரும் இல்லாத இடத்தில் குரலுக்கு என்ன குறை?

பதினோராவது வருடம், நிர்வாகம் புது இயந்திரம் வாங்கியது.

பழசைப் பெயர்த்தெடுத்து அதே சுவரில் புதுசைப் பொருத்த மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் தொடக்க விழா. சுத்தப் பக்கத்தில் சாமியானா ஒன்றுதான் குறை. தலைமை மருத்துவர், மேட்ரன், இயந்திரக் கம்பெனி ஆள், புதுச் சட்டையில் மச்சான், கைதட்டப் பன்னிரண்டு பேர். கம்பெனி ஆள் விளக்கினார்: "இதோட சிறப்பே சத்தம்தான் சார். அதாவது, சத்தமே இல்லாததுதான். பக்கத்துல குழந்தையைத் தூங்க வைக்கலாம்."

இதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது. இந்தப் பக்கம் நின்ற ஊமையண்ணனிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொத்தானைக் காட்டி, "பச்சை வந்தா திணிங்க, சிவப்பு வந்தா விலகுங்க" என்றதோடு சரி. அவர் வழக்கம்போலத் துணியைத் திணித்தார். வழக்கம்போலக் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டார். அதை மாட்டினால் பழைய இயந்திரமே தூரத்து ரயிலாகத்தான் கேட்கும். புதுசு கேட்கவே இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. நல்ல கவசம் என்று நினைத்துக்கொண்டார். அன்று காலை, விழாவுக்குத் துணிமூட்டையை நகர்த்தத் தாமதமானதற்காக மச்சான் பழைய ஆமையை மறுபடி எடுத்து விட்டிருந்தார். அது நெஞ்சில் நின்றது. சுழற்சி விளக்கு எரிந்தது. பத்து வருடப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது.

*ஆமை வருது ஆமை வருதுன்னு*
*ஆளுக்காளு சிரிக்கிறீங்க*
*ஆமை முதுகுல சொந்த வீடு*
*அதுக்குள்ள எந்த மச்சானும் இல்ல!*

அந்தப் பக்கம், தலைமை மருத்துவர் ரிப்பனை வெட்டுவதற்காகக் கத்தரிக்கோலைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். தகட்டின் துளைகள் வழியாகக் குரல் தண்ணீராகக் கொட்டியது. யாருக்கும் முதலில் புரியவில்லை. இயந்திரத்துக்குள் பாட்டுப் பெட்டி வைத்திருக்கிறார்களா என்று இஸ்திரி அக்கா கேட்டாள். 'மச்சான்' என்ற சொல் மூன்றாவது முறை வந்தபோது எல்லா முகமும் ஒரே முகத்தைப் பார்த்தது.

மச்சான் கண்ணாடியை ஓங்கித் தட்டினார். ஊமையண்ணன் முதுகு காட்டி நின்று, கண்ணை மூடி, ஆமைக்கு இரண்டாவது சரணம் கட்டிக்கொண்டிருந்தார். இஸ்திரி அக்காதான் சுற்றிக்கொண்டு ஓடி, அழுக்கு அறையின் வாசல் கதவைத் திறந்து, அவர் காதுக்கவசத்தைக் கழற்றினாள். கழற்றியதும் அவருக்குக் கேட்டது தன் குரல் மட்டும்தான். சுவரில் மோதித் திரும்பி வந்த, அசிங்கமான, தனியான குரல். பாதி வரியில் நின்றது.

"அண்ணே," என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "நீங்க ஊமை இல்லையா?"

மச்சான் அன்று மாலை வீட்டில் ஒரு சொல் பேசவில்லை. கூடத்தில் தொலைக்காட்சி ஓடியது, நாற்காலி அசையவில்லை. ஊமையண்ணன் தண்ணீர் குடிக்கப் போகாமலே படுத்தார். வசவைவிட இது மோசமாக இருந்தது. வசவு என்றால் அதில் ஒரு சொல்லாவது கிடைக்கும்.

மறுநாள் மேட்ரன் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய மருத்துவர் முன்னால் மேலதிகாரியை அவமானப்படுத்தியதாக மச்சான் எழுத்தில் புகார் கொடுத்திருந்தார். சனிக்கிழமைக்குள் உறுதிக் கடிதம் தர வேண்டும். கடிதத்தை மச்சானே தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நடுவில் நான்கு நாள். அந்த நான்கு நாளும் ஊமையண்ணன் வாயைத் திறக்கவில்லை. புது இயந்திரம் பூனை மாதிரி உறுமிக்கொண்டு சுழன்றது. ஒவ்வொரு சுழற்சியிலும் வாய் தானாகத் திறக்கப் பார்க்கும், அவர் கையால் பொத்திக்கொள்வார். தகடு வழியாக இப்போது பன்னிரண்டு பேரும் பேசினார்கள்.

"ஊமையண்ணே, ஆமைப் பாட்டு போடுங்க!"

"அண்ணே, அடுத்த கச்சேரி எப்போ? டிக்கெட் எடுக்கணுமா?"

"பாட்டா அது? ஆட்டை அறுக்கறாங்கன்னு நினைச்சேன்."

சொற்கள் உள்ளே போயின; வெளியே வர வழி இல்லை. வயிற்று வலி திரும்பி வந்தது. மூன்றாம் நாள், ரத்தம் பட்ட துணியையும் படாததையும் ஒன்றாகத் திணித்துவிட்டார். நாற்பது வெள்ளை விரிப்புகள் இளஞ்சிவப்பாக வெளியே வந்தன. மச்சான் அதையும் குறித்துக்கொண்டார், சத்தமில்லாமல்.

வெள்ளிக்கிழமை மாலை, பின் அறையில், மனைவி கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நிஜமாவே இத்தனை வருஷமா பாடறீங்களா?"

தலை சாய்ந்தது.

"என்கிட்ட ஒரு தடவைகூடப் பாடிக் காட்டினதில்லையே."

"இங்கேயா?" என்று கேட்டு, அவர் சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "என்னைப் பத்தியும் பாட்டு இருக்கா?"

"இருக்கு."

"என்னன்னு?"

அவர் மறுபடி சுவரைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "பாருங்க, கையெழுத்துப் போட்டுடுங்க. அண்ணன் வீட்டை விட்டுப் போன்னு சொல்ல மாட்டார். ஆனா இந்தக் கூடத்தை நான் ஒரு நாளைக்கு இருபது தடவை தாண்டறேன். எனக்குத்தான் தெரியும்."

"உனக்கும் ஏதாவது சொல்வாரா?"

"சொல்லாம? தங்கச்சின்னா சும்மா விடுவாரா?"

"அப்போ நீ என்ன பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். பாத்திரம் தேய்ப்பேன். உங்களை மாதிரி எனக்கு இயந்திரமா இருக்கு?" என்றாள். பிறகு அவர் சட்டைப் பொத்தானைச் சரி செய்தாள். "போட்டுடுங்க."

சனிக்கிழமை மேட்ரனின் அறையில் மூன்று நாற்காலி. மச்சான் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேட்ரன் கடிதத்தை நகர்த்தினார். அதில் மூன்று வரிகள். மேற்பார்வையாளரின் மனம் புண்படப் பாடியதற்கு வருந்துகிறேன். அந்தப் பாடல் மன உளைச்சலில் தன்னிலை மறந்து பாடியது, அதில் உள்ளது எதுவும் என்னுடையது அல்ல. இனிப் பணியிடத்தில் பாட மாட்டேன்.

ஊமையண்ணன் பேனாவைத் திறந்தார். படித்தார். மறுபடி படித்தார். பேனாவை மூடினார்.

"என்ன?" என்றார் மேட்ரன்.

"முதல் வரி சரிம்மா. மச்சான் மனசு நொந்தது நிஜம். அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்." திரும்பி மச்சானைப் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க மச்சான்."

மச்சான் மேஜையைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஆனா ரெண்டாவது வரி... என்னுடையது அல்லன்னு இருக்கே. அது என்னோடதும்மா."

"எது?"

"பாட்டு."

"மாப்பிள்ளை," என்றார் மச்சான் பொறுமையாக, "என்ன, பாட்டுக்குப் பட்டா கேக்கறீங்களா? ஒரு பேச்சுக்கு எழுதறது. போடுங்க கையெழுத்தை."

"இல்ல மச்சான். நான் இருக்கற அறை உங்களோடது. இந்த வேலை நீங்க வாங்கித் தந்தது. இந்தச் சட்டைகூட நீங்க போட்டுக் கழிச்சது."

"நல்ல சட்டைதானே..." என்றார் மச்சான், கொஞ்சம் அடிபட்ட குரலில்.

"நல்ல சட்டைதான். நான் குறை சொல்லல. இந்த ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. தன்னிலை மறந்து பாடலம்மா. பாடும்போதுதான் எனக்குத் தன்னிலையே இருக்கு."

பதினோரு வருடத்தில் அவர் ஒரே மூச்சில் பேசியதில் இதுதான் நீளமானது. காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. மேட்ரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மொத்தம் எத்தனை பாட்டு இருக்கும்?"

"எண்ணலம்மா. முந்நூறு இருக்கும்."

"என்னைப் பத்தி?"

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலு," என்றார் ஊமையண்ணன்.

"நாலுதானா?" மேட்ரனின் வாயோரம் ஏதோ அசைந்தது, உடனே அதை மடித்து வைத்துவிட்டார். "சரி. கையெழுத்து இல்லாம உங்களை இயந்திரத்துப் பக்கம் விட முடியாது. பிங்க் விரிப்பு விஷயமும் இருக்கு. திங்கள்லேருந்து மடிப்பு மேசை. இன்னொரு புகார் எழுத்துல வந்தா, அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. புரியுதா?"

புரிந்தது. இன்னொரு புகார் என்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் பின் அறையில் எந்த முகத்தோடு இருப்பது? புகார் எழுதுகிற பேனா மச்சானின் பையில் இருந்தது.

மடிப்பு மேசைக்கு ஜன்னல் உண்டு. ஆனால் தனிமை கிடையாது. நீளமான மேசை, இரண்டு பக்கமும் ஆட்கள், ஒரு முனையில் மச்சான் நின்றுகொண்டு எழுதும் மேஜை. சூடான விரிப்பு இஸ்திரி உருளையிலிருந்து வரும். ஓரத்தோடு ஓரம் சேர்த்து நான்காக, எட்டாக மடிக்க வேண்டும். திங்கள் காலை ஊமையண்ணன் போய் நின்றதும் பேச்சு அடங்கியது. எல்லோரும் மடித்தார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். துணி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஓர் ஆள் பெருமூச்சு விட்டால்கூட அடுத்த முனைக்குக் கேட்கும்.

பத்து மணிக்கு மச்சான் வந்தார். ஊமையண்ணன் மடித்த அடுக்கில் ஒன்றை இரண்டு விரலால் தூக்கினார்.

"மாப்பிள்ளை. மடிப்பு கோணல்."

தலை சாயவில்லை. ஊமையண்ணன் அந்த விரிப்பை வாங்கி உதறி விரித்தார். சொல் உள்ளே இறங்கியது. நெஞ்சில் நிற்கப் பார்த்தது. அவர் ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தார், ஒரு தடவை மச்சானின் பையில் இருந்த பேனாவைப் பார்த்தார். வாய் திறந்தது. கத்தவில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுதான்.

*கோணல் மடிப்பு கோணல் மடிப்பு*
*கோணி நிக்கிற ஆளு நான்*
*நேரா மடிச்ச துணி எல்லாம்*
*நாளைக்கு மறுபடி அழுக்குதான்*

இஸ்திரி அக்கா உருளையை நிறுத்திவிட்டாள். யாரோ களுக்கென்று சிரித்து, சிரிப்பை விழுங்கினார்கள். மச்சான் பேனாவை எடுத்தார். புகார்ப் புத்தகத்தைத் திறந்தார்.

"யாரைப் பத்தி இது?"

"என்னைப் பத்தித்தான் மச்சான். கோணல்னு என்னைத்தானே சொன்னீங்க?"

பேனா முனை தாளுக்கு மேலே நின்றது. தன் மடிப்பைத் தானே கோணல் என்று பாடுகிறார் என எழுதினால் மேட்ரன் என்ன கேட்பார்? மச்சான் யோசித்தார். பன்னிரண்டு பேரும் அவர் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் விரிப்பு நான்காகி எட்டாகி, பாட்டும் இன்னொரு சுற்று வந்துவிட்டது.

மச்சான் பேனாவை மூடினார். "பாடறதுதான் பாடறீங்க, சுருதியாவது சேருதா? தகரத்தைத் தரையில இழுத்த மாதிரி இருக்கு."

இந்த முறை எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஊமையண்ணனின் முகம் ஜிவ்வென்று சூடேறியது. இத்தனை வருடம் இப்படி ஒரு சிரிப்பை, இவ்வளவு பக்கத்தில், கவசம் இல்லாமல் அவர் கேட்டதில்லை. ஓடிப் போக இடம் இல்லை. மாலை வரை இந்த மேசை, ஆறு மணிக்கு மேல் அந்தக் கூடம். உருளையிலிருந்து அடுத்த விரிப்பு ஆவியோடு வந்து விழுந்தது. இரண்டு முனைகளைத் தேடிப் பிடித்தார்.

"தகரம்," என்றார் மெதுவாக, தாளம் பார்க்கிற மாதிரி. "தகரம்... தகரம்..."